விற்கப்படும் கம்பெனியும் மஞ்சள் தடவிய பத்திரங்களும்

1

1996 ஜூன் 15, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆயர் குரோவில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு செம்பருத்திக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றினேன். காரின் முன்கண்ணாடியைத் துடைத்தேன். லலிதா கோப்பி கலந்து வைத்திருந்தாள். மகள் கவிதா எழுந்திருக்கவில்லை. மழை இல்லை. இவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். காலையில் நடந்ததைக் காலையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் வழக்கம். மாலையில் எழுதினால் நமக்கு வசதிப்பட்டபடி கொஞ்சம் மாற்றிவிடுவோம்.

இந்த மாதத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. பதின்மூன்று வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, இங்கே ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். இப்போது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் மலாக்கா கிளையில் அலுவலராக இருக்கிறேன். அலுவலகம் பாச்சாங்கில், ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில். ரப்பர்த் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் முகவர்கள் வீடு வீடாகப் போய் மாதப் பணம் வசூலிப்பார்கள். அதுதான் எங்கள் தொழில். எங்கள் கம்பெனி, கடல் கடந்து இருக்கும் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம். பெரியவர்களுக்கு இந்த வீடு வீடான வியாபாரம் அலுத்துவிட்டது போலிருக்கிறது. சென்ற ஆண்டு இறுதியில் எங்களை ஓர் உள்ளூர்க் குழுமத்துக்கு விற்றுவிட முடிவு செய்தார்கள்.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்காது என்று தெரியும். நம் ஊரில் ஆயுள் காப்பீடு என்றால் அரசாங்கம். அதை யாரும் விற்பதில்லை. பட்டுக்கோட்டையில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். "உசிருக்குப் பணம் கட்டுற எடத்தை எப்படிடா விப்பாங்க? தபாலாபீசை விக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார்.

விற்கத்தான் செய்கிறார்கள். அதில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்று விசாரிக்க மார்ச் மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். இளவயதுச் சீனப் பெண். இரண்டு நாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மத்திய வங்கி ஒப்புதல் தரத் தாமதித்தால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் கம்பெனி தொங்கிக்கொண்டிருக்கும். முகவர்கள் வேறு கம்பெனிக்குப் போகலாம். போகும்போது வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இருபது வருடத்துக்கு முன் யாரோ கொடுத்த வாக்குறுதி ஒன்று, விற்றுமுடித்த பிறகு வெளியே வந்தால், விற்றவர்தான் ஈடுகட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் இன்னொன்று. செய்தி கேட்ட பாலிசிதாரர்கள் கூட்டமாக வந்து பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். அல்லது எழுந்து போய்விடுவார்.

கடைசியில், "மலாக்காவுக்கென்று தனியாக ஏதாவது ஆபத்து உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யோசித்துப் பார்த்து "இல்லை" என்றேன். அவர் அந்தக் கேள்விக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

மே மாதம் பாலிசிதாரர்களுக்கு மூன்று மொழிகளில் அறிவிப்பு போனது. தமிழ் என்னுடையது. மூன்று முறை திருத்தி எழுதினேன். கடைசி வரி இப்படி முடிந்தது: "தங்கள் பாலிசியும் எங்கள் சேவையும் எல்லாம் வழக்கம்போல் தொடரும்." அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் பிடித்திருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பட்டுக்கோட்டைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஓடிய ஒரே பஸ்ஸை அதன் முதலாளி விற்றார். பச்சை பஸ் சிவப்பு பஸ் ஆனது. முன்னால் எழுதியிருந்த பெயர் மாறியது. ஆனால் கண்டக்டர் ரெங்கசாமி மாறவில்லை. அதே பையை அதே தோளில் போட்டுக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் காத்தாடுது" என்று அதே பொய்யைச் சொன்னார். அம்மா கடைசிவரைக்கும் அந்தப் பஸ்ஸைப் பழைய பெயரால்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரம் கைமாறுகிறது என்றால் என் மனதில் தோன்றுவது இதுதான்: வண்டியின் நிறம் மாறும், போகிற ஊர் மாறாது.

3

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். கவுண்டர் மூடுகிற நேரம் நெருங்கியபோது சரோஜா மாடிப்படி ஏறி வந்தார். ரெம்பியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அவர்தான் முகவர். நாற்பது வயதைத் தாண்டியவர். ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் செம்மண் பாதை எல்லாம் போய் வருகிறவர். வழக்கமாக ஏதாவது கேலி பேசிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அன்றைக்குப் பேசாமல், பெரிய பிரம்புக் கூடை ஒன்றை என் மேசைமேல் வைத்தார். கூடை நிறையப் பாலிசிப் பத்திரங்கள்.

"என்னம்மா இது?"

"ஒரு தோட்டம், ஐயா. மொத்தத் தோட்டமும். சரண்டர் பண்ணிடச் சொல்லிட்டாங்க. பாரத்துல கையெழுத்தும் ரேகையும் போட்டாச்சு."

"யார் சொல்லி?"

"நீங்க சொல்லித்தான்லா. உங்க நோட்டீஸு."

எனக்குப் புரியவில்லை. ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தேன். கற்பூர வாசனை அடித்தது. ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கு மூலைகளிலும் மஞ்சள். இங்கே தோட்ட வீடுகளில் பாலிசிப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். புதுத்துணிக்குத் தடவுவதுபோல் அதன் மூலைகளுக்கு மஞ்சள் தடவுவார்கள். இருபது வருடமாக நான் இதைக் கண்டித்து வருகிறேன். சட்டப்படி முக்கியமான காகிதம், கறை படக் கூடாது என்று போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். போன வருடம் பிளாஸ்டிக் உறைகள்கூட வாங்கிக் கொடுத்தேன். உறையின்மேல் மஞ்சள் தடவியிருந்தார்கள்.

"கற்பூரம் எப்படி?" என்று கேட்டேன்.

"நேத்து வெள்ளிக்கிழமை இல்ல? எல்லாத்தையும் கோயில்ல ஆத்தா காலடியில வச்சிட்டாங்க. காலையில எல்லாரும் சேந்து எடுத்து எங்கிட்ட குடுத்தாங்க. நான் எவ்வளவோ சொன்னேன் ஐயா. கேட்டாத்தானே."

இது தோட்டத்து வழக்கம். எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தால், வீட்டுக்கு ஒரு பொருளை மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். வேலைநிறுத்தம் என்றால் பால்வெட்டும் கத்தியை வைப்பார்கள். வைத்த பிறகு யாரும் தனியாகப் பின்வாங்க முடியாது. எடுப்பதென்றால் எல்லாரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

கூடையில் மேலாக இருந்தது மாரியாயியின் பத்திரம். மாரியாயியை எனக்கு நன்றாகத் தெரியும். கணவர் இல்லை, மகன், மருமகளோடு லயத்து வீட்டில், தோட்டம் தன் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறார். அந்தத் தோட்டமும் விற்கப்பட்டுவிட்டது. லயங்களைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ரெம்பியாவில் கட்டப்போகும் மலிவு விலை வீடு ஒன்றுக்கு மாரியாயி பெயர் கொடுத்திருக்கிறார். முன்பணத்துக்கு அவர் நம்பியிருப்பது இந்த ஒரு பாலிசியைத்தான். இரண்டு தீபாவளி கழித்து முதிர்வு. இப்போது திருப்பிக் கொடுத்தால் பாதிகூடக் கைக்கு வராது. வீடு போய்விடும்.

கவுண்டரில் வாங்கும் எந்தக் காகிதத்துக்கும் அன்றைய தேதி முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. குத்திவிட்டால் திங்கட்கிழமை அது கோலாலம்பூருக்குப் போய்விடும். பிறகு யாரும் தடுக்க முடியாது. முத்திரை என் கையருகே இருந்தது.

"கவுண்டர் மூடியாச்சு" என்றேன்.

சரோஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கே ஐயா."

"என் கடிகாரத்துல இல்ல."

அலுவலகத்தில் மற்றவர்கள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரங்களைத் திருத்துவார்கள். சரோஜாவுக்கும் அது தெரியும். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

4

கூடையைக் காரில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, சரோஜாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ரெம்பியாவுக்குப் போனேன். டுரியான் பருவம். முச்சந்தியில் பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் வாசனை உள்ளே வந்தது. கற்பூரமும் டுரியானும் சேர்ந்த அந்த மணத்தை ஊரில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வழியில் பதிவு இலாகாவின் கிளை அலுவலகத்தைக் கடந்தேன். இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. என்னைப் போல் நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. மூன்று முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கவுண்டரில் இருப்பவர் மரியாதையாக என் மலாய் உச்சரிப்பைக் கேட்டுக்கொண்டு, புன்னகை செய்து, கடிதம் வரும் காத்திருங்கள் என்பார். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. மனைவியும் மகளும் நீலம். வீட்டில் அட்டைகளை ஒரே டப்பாவில்தான் வைத்திருக்கிறோம். என்னுடையதைத் தேட வேண்டியதே இல்லை.

ஊரில் மட்டும் நான் முழு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் பட்டுக்கோட்டை போயிருந்தபோது, பஸ் நிலையத்துக் கடையில் "கோப்பி ஒண்ணு பொங்குஸ்" என்றேன். பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதை இங்கே எல்லா மொழிக்காரரும் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அண்ணன் அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5

தோட்டத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஆயாக்கொட்டகை. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். பூட்டியிருந்தது, கூரைமேல் கொடி படர்ந்திருந்தது. அதைத் தாண்டி லயங்கள். கடைசியில் மாரியம்மன் கோயில். கோயில் முன் தகரக் கொட்டகையில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கார் சத்தம் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள்.

மாரியாயிதான் முதலில் பேசினார். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த அலுவலகக்காரர் எல்லாருமே கிராணிதான். என்னையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"வாங்க கிராணி ஐயா. காசக் கொண்டாந்துட்டீங்களா?"

"காசு இல்லம்மா. கூடைதான்."

"பாத்தீங்களா? குடுத்ததத் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. நான் அப்பவே சொன்னேன், கம்பெனிகிட்ட காசு இல்லன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். முத்திரை குத்தி அனுப்பியிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. திருப்பிக் கொண்டுவந்தால் கம்பெனி திவாலாகிவிட்டது என்ற பேச்சு. இந்த ஆபத்தை அந்த வழக்கறிஞரும் யோசித்திருக்கமாட்டார்.

சரோஜா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. நான் ஏன் இந்த முடிவு என்று கேட்டேன்.

"உங்க நோட்டீஸ என் மருமவ படிச்சுக் காட்டுனா" என்றார் மாரியாயி. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கடைசி வரி வந்ததும் அவளே நிறுத்திட்டா. 'அத்தே, இது நம்ம தோட்டத்துத் துரை ஒட்டுனது மாதிரியே இருக்கு'ன்னா."

"என்ன ஒட்டினார்?"

"தோட்டத்த வித்தப்போ ஆபீஸ் செவுத்துல ஒட்டுனாங்கல்ல. 'எல்லாம் வழக்கம்போல் தொடரும்.' எழுத்துக்கு எழுத்து அதேதான் ஐயா. மொத மாசம் தொடர்ந்துச்சு. அப்புறம் ஆயாக்கொட்டகைய மூடுனாங்க. அப்புறம் மருந்துக்கொட்டகை. அப்புறம் புள்ளைங்க போற லோரி. இப்ப வீட்டக் காலி பண்ணுங்கறாங்க. நான் பொறந்த தோட்டத்தயும் இப்படித்தான் துண்டு துண்டா வித்தாங்க. எங்கப்பாகிட்டயும் அதேதான் சொன்னாங்களாம். வித்தாச்சு, ஆனா ஒண்ணும் மாறாதுன்னு யாராச்சும் சொன்னா, நாங்க மூட்டைய கட்டிருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மூன்று முறை திருத்திய வரி அது.

முதலில் என் பஸ் கதையைச் சொன்னேன். சிவப்பு நிறம், ரெங்கசாமி, எல்லாம். கவனமாகக் கேட்டார்கள்.

"பஸ்ஸுல புடிக்கலன்னா எறங்கிக்கலாம் ஐயா" என்றார் மாரியாயி. "நாங்க அங்கயே குடியிருந்தோம்."

பிறகுதான் ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தேன். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதனால் தோட்டத்தோடு போனது. பத்திரம் உங்களுக்குச் சொந்தம். நீங்கள் கட்டிய பணம் தனியாக இருக்கிறது, விற்கிறவர் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது, வாங்குகிறவர் அதில் கைவைக்க முடியாது, சட்டம் அப்படி. கம்பெனி உங்களுக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துத்தான் அவர் வாங்குகிறார். இப்போது திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

"சரோஜா வருவாளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்னை வேணாம்னு சொன்னாலும் வருவேன் மாமா. உங்க வீட்டு டீய விட்டுட்டு எங்க போறது?" என்றார் சரோஜா.

"பாச்சாங் ஆபீஸ் இருக்குமா ஐயா?"

"தெரியாது" என்றேன்.

"உங்க வேலை?"

"அதுவும் தெரியாது. கோலாலம்பூருக்குப் போகச் சொல்லலாம். வேண்டாம்னும் சொல்லலாம். உங்க பத்திரத்தப் பத்தித்தான் தெரியும். அது நிக்கும்."

ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாரியாயி என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க ஊர்க்காரரு. சரிவரலன்னா ஊருக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போறது?" கோபமாகச் சொல்லவில்லை, விலை விசாரிப்பதுபோல் சொன்னார். பிறகு, "உங்க உசிர எந்தக் கம்பெனியில போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"இதே கம்பெனிதான்."

"எடுக்கலியா?"

"இல்ல."

"பத்திரம் எங்க இருக்கு?"

"வீட்ல, பீரோவுல."

"மஞ்ச தடவியிருக்கா?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மாரியாயி சொன்னார்: "அப்ப ஒண்ணு செய்யுங்க. உங்களதக் கொண்டாங்க. எங்களதோட சேத்து ஆத்தா காலடியில வச்சிருவோம். காசு மாசாமாசம் சரோஜாகிட்ட குடுத்துருவோம். அதுல கொற இருக்காது. பத்திரம் மட்டும் இங்க இருக்கட்டும். வாங்குன தவுக்கே, இல்லன்னா அவரோட ஆளு, வித்து முடிச்ச பெறகு இங்க வந்து நின்னு மால வாங்கட்டும். அன்னிக்கி எல்லாரும் சேந்து எடுத்துக்குவோம். நீங்களும்."

முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். புதிதாக வரும் துரை, கோயில் முன் நின்று மாலை வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். இந்தத் தோட்டத்தை வாங்கியவர் ஒரு நாளும் வரவில்லை என்று சொன்னார்கள். நிலம் அளப்பவர்தான் வந்தாராம்.

"ஆத்தா பாத்துக்குவாளா?" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"ஆத்தாளும் நோட்டீஸ் வாங்கினவதான்" என்றார் மாரியாயி. "கோயிலயும் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க. கண்ணும் கருத்துமா பாத்துக்குவா."

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். அதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்குப் பூசை. அதற்குள் நான் வந்தால் சேர்த்து வைப்பார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை சரோஜா கூடையோடு வருவார், நான் முத்திரை குத்தித்தான் ஆக வேண்டும். கூடையைக் கோயிலில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது மாரியாயி இரண்டு டுரியானை டிக்கியில் வைத்தார். "முடிவு எப்படி இருந்தாலும் இத சாப்புடுங்க" என்றார்.

6

வீட்டில் கேட்க வேண்டும் என்று சொன்னது சாக்கு அல்ல. கவிதா ஐந்தாம் படிவம், ஊர்க் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு, படிக்கிறாள். வருட இறுதியில் தேர்வு. பிறகு கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி. முன்பணத்துக்கு டிசம்பரில் என் பாலிசிமேல் கடன் வாங்குவதாகத் திட்டம். கடன் வேண்டுமென்றால் அசல் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். அது ரெம்பியாவில் அம்மன் காலடியில் இருந்தால், மத்திய வங்கி ஒப்புதல் தந்து, விற்பனை முடிந்து, யாரோ ஒருவர் வந்து மாலை வாங்கும்வரை நான் அதைத் தொட முடியாது. அது டிசம்பருக்குள் நடக்கலாம். நடக்காமலும் போகலாம்.

டுரியானைப் பின்கட்டில் வைத்து உடைத்தபடி லலிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லலிதாவும் தோட்டத்தில் பிறந்தவள்தான்.

"பஸ் கதைய சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"இல்ல."

"கல்யாணமான புதுசுல எங்கிட்டயும் சொன்னீங்க. நானும் சிரிக்கல." ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒரு வேலைநிறுத்தத்துல எங்கப்பா கத்திய காலடியில வச்சாரு. பக்கத்து வீட்டுக்காரரு வைக்கல. ஆளு நல்லவருதான். ஆனா அதுக்கப்புறம் அவரு வீட்டுத் தேத்தண்ணிய யாரும் கேட்டு வாங்கிக் குடிக்கல."

கவிதா டுரியான் வாசனைக்கு வெளியே வந்தாள். வீட்டில் அவள் பேசுவதில் பாதி ஆங்கிலம், கால் மலாய், மீதி தமிழ். தோட்டத்துக் கோயிலுக்கு வருடம் ஒருமுறை, திருவிழாவுக்குத்தான் வருவாள். அதுவும் கடைத்தெருவைப் பார்க்க. நின்றுகொண்டே கேட்டாள்.

"வெய்ட், பா. அது என் காலேஜ் காசுதானே?"

"ஆமாம்."

"டிசம்பருக்குள்ள சேல் முடியலன்னா?"

"கடன் வாங்க முடியாது. ஒரு வருசம் தள்ளிப்போகலாம்."

அவள் ஒரு சுளையை மெதுவாகச் சாப்பிட்டாள். கொட்டையைச் சுத்தமாக்கி ஓட்டில் போட்டாள்.

"ஃபார்ம் சிக்ஸ் இருக்குலா. கவர்மெண்ட் ஸ்கூல்தான், ஸோ வாட்?" என்றாள். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தோழிகள் எல்லாரும் கோலாலம்பூர் போகிறார்கள். பிறகு, "அந்த ஆன்ட்டிக்கு இருக்கிறதே அது ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"ஓகே." கை கழுவப் போனவள் திரும்பி வந்தாள். "ஆனா நம்பரெல்லாம் எழுதி வச்சுக்குங்கப்பா. சாமி ரெசிட் குடுக்க மாட்டாங்க."

முடிவு இன்னும் என்னுடையதாகத்தான் இருந்தது. கோலாலம்பூர் வழக்கறிஞருக்குத் திங்கட்கிழமை எழுத வேண்டிய வரிகளை மனதில் எழுதிப் பார்த்தேன். மலாக்காவுக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு, நான் இல்லை என்று சொன்னது பிழை. இங்குள்ளவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை விற்கப்பட்டவர்கள். விற்பனை முடிந்ததும் வாங்குபவரின் ஆள் ஒருவர் ரெம்பியாவுக்கு வந்து ஒரு மாலை வாங்கிக்கொள்ள வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் சேர்ப்பார்களோ தெரியவில்லை. வெயிலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

நாட்குறிப்பில் எதுவும் எழுதாமல் படுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு. எழுந்ததும் முதல் வேலையாக, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் முன்னால், பீரோவைத் திறந்து என் பத்திரத்தை எடுத்தேன். கவிதாவின் அறைக் கதவு மூடியிருந்தது. ஆனால் சாப்பாட்டு மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருந்தாள். பாலிசி எண்ணையும் தேதிகளையும் அதில் எழுதிக்கொண்டேன். பிறகு பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி மேசையில் விரித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அதில் ஒரு கறைகூட இல்லை. லலிதா கையில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"எழுத்து மேல படாம" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, முதல் மூலையில் தடவினாள்.